பட்டியலில் பெட்டியைத் தேடுதல்

திருவொற்றியூரிலோ மணலியிலோ ஒரு சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் பெட்டிகளை வாங்கி வைக்கும் சரக்கு நிலையம்) அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே காதில் விழும் கேள்வி இது: “இந்தப் பெட்டி உள்ளே வந்துடுச்சா சார்?” கேட்பவர் சி.எச்.ஏ. என்ற சுங்க முகவர் அனுப்பிய பையனாக இருக்கலாம், கப்பல் கம்பெனிக்காரராக இருக்கலாம், எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு போன் போடும் டிரெய்லர் டிரைவராகவும் இருக்கலாம். விடை ஏதோ ஒரு கோப்பில் ஒரு வரியாகக் கிடக்கிறது. அந்த வரியை எடுத்துத் தரும் நிரலை பி.எச்.பி.யில் எழுதுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

எழுதுவது எளிது. நம்பும்படி எழுதுவதற்குத்தான் மெனக்கெட வேண்டும். “வந்துடுச்சு” என்று நிரல் தப்பாகச் சொன்னால் பெரிய கேடு இல்லை. யாராவது யார்டுக்குள் போய்ப் பார்ப்பார்கள், பெட்டி இருக்காது, பத்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். “வரல” என்று தப்பாகச் சொன்னால்தான் ஆபத்து. அதைக் கேட்டவர் திரும்பிப் போய்விடுவார். யாரும் யார்டுக்குள் போய்ப் பார்க்க மாட்டார்கள். பெட்டி மூன்றாவது அடுக்கில் சும்மா இருக்கும். சி.எஃப்.எஸ். பக்கம் கிரவுண்ட் ரென்ட் என்ற இடவாடகை ஏறும், கப்பல் கம்பெனி பக்கம் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஒரே நோக்கத்துக்கானது: நிரல் “இல்லை” என்று சொன்னால் உண்மையாகவே இல்லாமல் இருக்க வேண்டும்.

பி.எச்.பி. எதற்கு என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் படித்தவர்களுக்கு அது அறிமுகமான மொழி. அதோடு, அலுவலகத்துக்கு ஒரு வலைத்தளம் இருந்தால் அதன் சர்வரில் பெரும்பாலும் பி.எச்.பி. ஏற்கெனவே இருக்கும். பைத்தானில் எழுதினால் அழகாக வரும் என்று வாதாடும் தம்பிகளோடு எனக்குச் சண்டை இல்லை. இருக்கும் சர்வரில் எது ஓடுகிறதோ அதில் எழுதுங்கள் என்பதே என் கட்சி. பாடநூல் சொற்களையே இங்கும் வைத்துக்கொள்கிறேன்: அணி, சரம், மாறி, செயற்கூறு. மொழியின் உள்ளமைந்த செயற்கூறுகளின் பெயரை ஒலிப்படி எழுதுகிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். அடிக்கோடு போட்ட இடத்தில் அடிக்கோடு வர வேண்டும். மாறிகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், பி.எச்.பி. மறுப்பதில்லை.

ஒரே பெட்டி, நாலு எழுத்துமுறை

வடசென்னைக் கடற்கரையில் கொஞ்ச தூரத்துக்குள் மூன்று இடத்தில் பெட்டி இறங்குகிறது. சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் 1983இல் வந்தது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டு 2014இல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி. சுங்கத்துறைக் கணக்கில் மூன்றுக்கும் தனித்தனிக் குறியீடு: சென்னைக்கு ஐஎன்எம்ஏஏ1, எண்ணூருக்கு ஐஎன்இஎன்ஆர்1, காட்டுப்பள்ளிக்கு ஐஎன்கேஏடி1. கப்பல் கம்பெனி முன்கூட்டி அனுப்பும் பட்டியல், முனையம் தரும் இறக்குப் பட்டியல், சுங்கத்துறைக்குப் போகும் சரக்கு அறிக்கை, நம் கேட்டில் எழுதும் பதிவு என்று ஒரு பெட்டிக்கு நாலு இடத்தில் வரி உண்டு. நாலையும் நாலு பேர் தயாரிக்கிறார்கள்.

பெட்டி எண் என்னவோ உலகம் முழுக்க ஒரே அமைப்புதான். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரப்படி, உரிமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்து, வகையைக் குறிக்கும் நாலாவது எழுத்து, ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சோதனை இலக்கம், ஆகப் பதினொன்று. சரக்குப் பெட்டி என்றால் நாலாவது எழுத்து யூ. உரிமையாளர் குறியீடுகளைப் பதிவு செய்வது பாரிஸில் உள்ள பி.ஐ.சி. என்ற அமைப்பு. இந்த அத்தியாயம் முழுக்க சிஎஸ்கியூயூ3054383 என்ற எண்ணையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கப்பல் கம்பெனி இதை ஒட்டி எழுதும். இன்னொருவர் நாலு எழுத்துக்குப் பிறகு ஒரு இடைவெளி விடுவார். பெட்டியின் மேல் சோதனை இலக்கம் ஒரு கட்டத்துக்குள் தனியாக இருப்பதால், கேட்டில் இருப்பவர் அதற்கு முன் ஒரு கோடு போடுவார். செல்போனில் அடிப்பவர் சிற்றெழுத்தில் அடிப்பார், பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ என்ற எழுத்தைப் போடுவார். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒன்று. பி.எச்.பி.க்கு நாலும் நாலு சரம்.

கோப்பை அணியாக்குதல்

‘ஃபைல்’ என்ற செயற்கூறுக்குக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும், ஒவ்வொரு வரியும் ஒரு உறுப்பாக அணி கிடைக்கும். முதல் வரிக்குச் சாவி 0. ஆகவே சாவியோடு ஒன்றைக் கூட்டினால் கோப்பில் எத்தனையாவது வரி என்று வரும். இந்த வரி எண்ணைத் தூக்கி எறியாதீர்கள். “347ஆவது வரியில் இருக்கு, பாருங்க” என்று சொல்லும் நிரலை அலுவலகம் நம்பும். வெறுமனே “இருக்கு” என்று சொல்வதை நம்பாது.

இந்தச் செயற்கூறின் விருப்பங்களில் இரண்டு நமக்கு முக்கியம். வரி முடிவுக் குறியை நீக்கச் சொல்லும் விருப்பம் நல்லது, போடுங்கள். காலி வரிகளைத் தாண்டச் சொல்லும் விருப்பத்தைப் போட்டால் நடுவில் உள்ள காலி வரிகள் அணிக்குள் வராது, அதன் பிறகு எல்லாச் சாவியும் முன்னால் நகர்ந்துவிடும். நிரல் சொல்லும் வரி எண்ணும் எக்ஸெல்லில் தெரியும் வரி எண்ணும் ஒத்துப்போகாது. காலி வரியை அணிக்குள் விட்டுவைத்து, மடக்குக்குள் வரும்போது தாண்டிப் போவதே சரி.

கண்ணுக்குத் தெரியாத மூன்று குப்பைகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எக்ஸெல்லில் யூ.டி.எஃப்-8 வகை சி.எஸ்.வி. ஆகச் சேமித்தால் கோப்பின் தொடக்கத்திலேயே மூன்று பைட் அடையாளக் குறி ஒட்டிக்கொள்ளும். திரையில் தெரியாது. தலைப்பு வரி இல்லாத பட்டியல் என்றால் முதல் பெட்டி மட்டும் எப்போதும் “இல்லை” ஆகிவிடும். அந்த ஒன்றை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். இரண்டாவது, விண்டோஸ் கோப்பின் வரி முடிவில் இரண்டு குறிகள் இருப்பதால் அவற்றில் ஒன்று சில சமயம் சரத்தின் வாலில் தங்கிவிடும். ‘டிரிம்’ போட்டால் போய்விடும். மூன்றாவது, வலைப்பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பட்டியலில் வரும் உடையா இடைவெளி. பார்க்கச் சாதாரண இடைவெளி போலவே இருக்கும், ‘டிரிம்’ அதைத் தொடாது.

இவற்றை ஒவ்வொன்றாக விரட்டுவதை விட, வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வது மேல். பெட்டி எண்ணில் எழுத்தும் இலக்கமும் தவிர வேறெதற்கும் இடமில்லை. ‘ஸ்டர்டுஅப்பர்’ கொண்டு பேரெழுத்தாக்கி, ‘பிரெக்_ரிப்ளேஸ்’ கொண்டு எழுத்தும் இலக்கமும் அல்லாத எல்லாவற்றையும் நீக்குங்கள். இடைவெளி, கோடு, அடையாளக் குறி, உடையா இடைவெளி எல்லாம் ஒரே வீச்சில் போய்விடும். இதற்கு ஒரு செயற்கூறு எழுதி ‘சுத்தமாக்கு’ என்று பெயர் வைத்துக்கொண்டால் பிறகு இப்படி அழைக்கலாம்:

$எண் = சுத்தமாக்கு($பத்தி);

வரி முழுவதையும் இதற்குள் தள்ளாதீர்கள், பெட்டி எண் உள்ள பத்தியை மட்டும் கொடுங்கள். வரி முழுவதையும் சுத்தம் செய்தால் பக்கத்துப் பத்தியில் உள்ள சீல் எண்ணும் அளவுக் குறியீடும் பெட்டி எண்ணோடு ஒட்டி, இல்லாத பெட்டி ஒன்று முளைக்கும். காற்புள்ளியால் பிரித்த வரி என்றால் ‘ஸ்டர்_கெட்சிஎஸ்வி’ பத்திகளைப் பிரித்துத் தரும். ‘எக்ஸ்ப்ளோட்’ போட்டுக் காற்புள்ளியில் வெட்டலாமே என்று தோன்றும்; மேற்கோள் குறிக்குள் காற்புள்ளி வைத்த சரக்கு விவரம் ஒன்று வந்தால் பத்தி எல்லாம் இடம் மாறிவிடும். மூல வரியை அப்படியே தனியாக வைத்திருங்கள். சுத்தம் செய்த எண் தேடுவதற்கு, மூல வரி காட்டுவதற்கு.

‘ஓ’ எழுத்தும் பூஜ்யமும் குழம்புவதை இடத்தை வைத்துத் தீர்க்கலாம். முதல் நாலு இடத்தில் இலக்கம் வராது, கடைசி ஏழு இடத்தில் எழுத்து வராது. ஆகவே கடைசி ஏழில் ‘ஓ’ வந்தால் அது பூஜ்யம், ‘ஐ’ வந்தால் அது 1. திருத்தியது சரியா என்று பார்ப்பதற்குத்தான் அடுத்த படி.

சோதனை இலக்கம்

இந்தப் படியை விட்டுவிட்டு நிரல் எழுதுபவர்களே அதிகம். எனக்கு இது புரியவே இல்லை. பெட்டி எண்ணுக்குள்ளேயே அது சரியா தவறா என்று சொல்லும் ஏற்பாடு இருக்கிறது, கணக்கும் எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்க வேண்டும். ஏ என்றால் 10. அங்கிருந்து வரிசையாகப் போகும்போது 11, 22, 33 ஆகிய பதினொன்றின் மடங்குகளை மட்டும் தாண்டிவிட வேண்டும். ஆகவே பி 12, சி 13, கியூ 28, எஸ் 30, யூ 32, இசட் 38. முதல் பத்து இடத்துக்கும் எடை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தில் 512. ஒவ்வொரு மதிப்பையும் அதன் எடையால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் பதினொன்றாவது இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள்.

நம் எடுத்துக்காட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 13, 60, 112, 256 என்று எழுத்துகள் நாலும் தருகின்றன. 3, 0, 5, 4, 3, 8 என்ற ஆறு இலக்கமும் 48, 0, 320, 512, 768, 4096 தருகின்றன. மொத்தம் 6185. அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. கடைசி இலக்கமும் 3, ஆகவே எண் சரி. இப்போது போனில் சொன்னதைக் கேட்டு எழுதியவர் 5ஐயும் 4ஐயும் இடம் மாற்றி 304538 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். மொத்தம் 6249 ஆகும், மீதி 1. கடைசியில் 3 இருப்பதால் பொருந்தாது. ஒரு கோப்பையும் திறக்காமலே “எண் தப்பு, திரும்பக் கேளுங்க” என்று நிரல் சொல்லிவிடும்.

இரட்டிப்பு எடைகளும் 11ஆல் வகுப்பதும் சும்மா வைத்தவை அல்ல. 1இலிருந்து 512 வரையான பத்து எடைகளையும் 11ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 1இலிருந்து 10 வரை ஒன்றுகூடத் திரும்ப வராமல் வரும். எந்த இரண்டு இடத்துக்கும் ஒரே எடை இல்லாததால் இடம் மாறிய இலக்கங்கள் மாட்டிக்கொள்கின்றன. மீதி 10உம் மீதி 0உம் ஒரே இலக்கமாக எழுதப்படுவதுதான் இதில் உள்ள ஓட்டை. அதனால் மீதி 10 வரும் வரிசை எண்களைப் பயன்படுத்தாமல் தவிர்ப்பது நல்லது என்று தரமே சொல்கிறது.

ஒன்றிரண்டு எழுத்து வேறுபட்டாலும் பொருந்தியதாகக் காட்டும் தோராயத் தேடலைப் பெட்டி எண்ணுக்கு வைக்கவே வைக்காதீர்கள். பி.எச்.பி.யில் அதற்கு ‘லெவன்ஷ்டைன்’, ‘சிமிலர்_டெக்ஸ்ட்’ என்று இரண்டு செயற்கூறு இருக்கின்றன. ஒரே நேரத்தில் வாங்கிய பெட்டிகளுக்கு அடுத்தடுத்த வரிசை எண்தான் இருக்கும். தோராயமாகத் தேடினால் அண்ணன் பெட்டிக்குத் தம்பி பெட்டி வந்து நிற்கும்.

பூஜ்யம் என்றால் இல்லை அல்ல

ஒரு வரிக்குள் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கப் பழைய நிரல்கள் எல்லாம் ‘ஸ்டர்பாஸ்’ என்ற செயற்கூறைத்தான் பயன்படுத்தும். சொல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று எண்ணாகத் தரும். இல்லாவிட்டால் ‘பொய்’ என்ற மதிப்பைத் தரும். சொல் வரியின் முதலிலேயே இருந்தால் இடம் 0. வெறும் ‘இஃப்’புக்குள் வைத்தால் பி.எச்.பி. 0ஐயும் பொய்யாகவே எடுத்துக்கொள்ளும். கேட் பதிவில் முதல் பத்தி எது? பெட்டி எண்தான். ஆக, எந்த இடத்தில் பெட்டி எண் எப்போதும் இருக்கிறதோ அதே இடத்தில் இந்த நிரல் குருடாகிவிடும். சோதிக்கும்போது நடுப்பத்தியில் உள்ள கப்பல் பெயரைத் தேடிப் பார்த்திருப்பார்கள், சரியாக வந்திருக்கும்.

2020 நவம்பரில் வந்த பி.எச்.பி. 8.0இல் ‘ஸ்டர்_கன்டெய்ன்ஸ்’ சேர்ந்தது. அது உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும், சிக்கல் தீர்ந்தது. பழைய பதிப்பு ஓடும் சர்வர் என்றால் மூன்று குறி கொண்ட !== ஆல் பொய்யோடு ஒப்பிடுங்கள். ‘அரே_செர்ச்’ செயற்கூறிலும் இதே குழி உண்டு, அதுவும் முதல் உறுப்புக்குச் சாவி 0 என்று தரும்.

‘இன்_அரே’ போட்டு அணியில் ஒரு மதிப்பைத் தேடும்போது வேறு குழி. எண் போலத் தெரியும் இரண்டு சரங்களைப் பி.எச்.பி. எண்ணாக மாற்றி ஒப்பிடும். கேட் பாஸ் 0457உம் 457உம் அதற்கு ஒன்று. சீல் எண் 12இ4 என்று இருந்தால் அதைப் பன்னிரண்டுடன் நாலு பூஜ்யம் என்று படித்து 120000 என்ற சீலோடு பொருத்திவிடும். மூன்றாவது இடத்தில் ‘உண்மை’ என்ற மதிப்பைக் கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். எப்போதும் கொடுங்கள்.

சாவியாக்கினால் தேடலே வேண்டாம்

இதுவரை சொன்னது ஒரு பெட்டிக்கு. காலையில் முனையம் ஒரு பட்டியல் தருகிறது, அதில் 2,000 வரி என்று வைத்துக்கொள்வோம். நம் கேட் பதிவில் 3,000 வரி. இறங்கியும் நம்மிடம் வராத பெட்டிகள் எவை? ஒவ்வொரு வரிக்கும் மற்ற பட்டியல் முழுவதையும் புரட்டினால் 60 லட்சம் ஒப்பீடு. ஓடும்தான், ஆனால் பக்கம் திறக்கும் வரை டீ குடித்துவிட்டு வரலாம்.

பி.எச்.பி. அணியின் சாவி எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோப்பை ஒருமுறை மட்டும் படித்து, சுத்தம் செய்த பெட்டி எண்ணையே சாவியாக வைத்துவிடுங்கள்:

$இருப்பு[$எண்][] = $வரி;

பிறகு எந்தப் பெட்டியைக் கேட்டாலும் புரட்ட வேண்டியதே இல்லை:

$விடை = $இருப்பு[$எண்] ?? [];

சாவி இருந்தால் அதன் வரிகள், இல்லாவிட்டால் காலி அணி. முதல் கட்டளையில் இரண்டாவதாக உள்ள வெற்று அடைப்பைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் அதே பெட்டி மறுபடி வரும்போது பழைய வரி அழிந்துவிடும். ஒரு பெட்டி உள்ளே வரும், சோதனைக்குப் போகும், திரும்பும், வெளியேறும், காலிப் பெட்டியாக மறுபடி வரும். அத்தனை வரியும் வேண்டும். இப்போது எங்கே இருக்கிறது என்று அறியக் கடைசி வரியைப் பார்த்தால் போதும், ஆனால் கோப்பு நேர வரிசையில் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகு.

இரண்டு பட்டியலையும் இப்படிச் சாவியாக்கிவிட்டால் ‘அரே_டிஃப்_கீ’ ஒரே அழைப்பில் வித்தியாசத்தைத் தந்துவிடும். முனையப் பட்டியலை முதலில் கொடுத்தால் இறங்கியும் வராதவை. நம் பட்டியலை முதலில் கொடுத்தால் முனையப் பட்டியலில் இல்லாமல் நம்மிடம் இருப்பவை. இரண்டாவதை நிறையப் பேர் பார்ப்பதில்லை. கேட்டில் தப்பாக எழுதிய எண்கள் எல்லாம் அங்கேதான் பதுங்கியிருக்கும்.

சாவியில் ஒரு வினோதம். 457 என்ற சரத்தைச் சாவியாக வைத்தால் பி.எச்.பி. அதை முழு எண்ணாக மாற்றிவிடும், 0457ஐ மட்டும் சரமாகவே விடும். பெட்டி எண் எழுத்தில் தொடங்குவதால் அதற்குப் பாதிப்பில்லை. கேட் பாஸ் எண்ணைச் சாவியாக்குபவர்கள் முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால் தொல்லை விட்டது.

அமைப்பை வைத்துத் தேட வேண்டியிருந்தால், உதாரணமாக ஒரு கம்பெனியின் பெட்டிகள் எல்லாம் வேண்டுமென்றால், ‘பிரெக்_கிரெப்’ இருக்கிறது. அணி முழுவதிலும் பொருந்தும் வரிகளைப் பழைய சாவிகளோடு தரும், வரி எண் தப்பாது. ‘அரே_ஃபில்டர்’ செயற்கூறும் அப்படியே. இவற்றின் விடையை ‘அரே_வேல்யூஸ்’ வழியாக அனுப்பினால் சாவிகள் 0இலிருந்து புதிதாகத் தொடங்கிவிடும், வரி எண் போச்சு.

ஊர்ப் பெயரைத் தேடும்போது

இரவு ஷிப்ட் செக்யூரிட்டி எழுதும் குறிப்பு, டிரெய்லர் புறப்பட்ட இடம், முகவரி எல்லாம் தமிழில் வரும். யூ.டி.எஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அதனால் தேடல் குழம்பாது. ‘ஸ்டர்_கன்டெய்ன்ஸ்’ தமிழுக்கும் சரியாகவே வேலை செய்யும். கிடைத்த இடத்தை எண்ணிக்கையாகக் காட்டும்போதுதான் ‘எம்பி_’ என்று தொடங்கும் செயற்கூறுகள் வேண்டும். அமைப்புத் தேடலில் வடிவத்தின் முடிவில் ‘யூ’ குறியைச் சேர்க்க வேண்டும்.

குழி வேறிடத்தில். திருவொற்றியூரில் உள்ள ‘வொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே வைக்கலாம். திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது, பைட்டுகள் வேறு. ஒரு செயலியில் அடித்த திருவொற்றியூரை இன்னொன்றில் அடித்த திருவொற்றியூர் கண்டுபிடிக்காமல் போகும். கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், பொன்னேரி எல்லாவற்றுக்கும் இதே கதி. ‘ரோடு’ என்ற சொல் வரும் முகவரி எதுவும் தப்பாது, ஓகாரத்துக்கும் இதே இரட்டை வழி உண்டு. சர்வரில் ‘இன்ட்ல்’ நீட்சி இருந்தால் ‘நார்மலைசர்’ வகுப்பு இரண்டையும் ஒன்றாக்கித் தரும். மலிவான ஹோஸ்டிங்கில் அது இல்லாவிட்டால் ‘ஸ்டர்_ரிப்ளேஸ்’ போதும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்றின் பிரிந்த வடிவத்தைச் சேர்ந்த வடிவமாக மாற்றுங்கள். கோப்பின் வரிக்கும் தேடும் சொல்லுக்கும் இரண்டுக்கும் செய்ய வேண்டும். தமிழில் மாறிப் பெயர் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும்: $கொள்கலன் என்று இரண்டு விசைப்பலகையில் அடித்தால் இரண்டு மாறி.

வேற்றுமை உருபு அடுத்த தொல்லை. ‘எண்ணூர்’ என்று தேடினால் ‘எண்ணூரில்’ கிடைக்காது, கடைசிப் புள்ளி அங்கே இல்லை. புள்ளியை விட்டுவிட்டு ‘எண்ணூர’ என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். ‘ராயபுரம்’ உருபேற்றால் ‘ராயபுரத்தில்’ ஆகும், ஆகவே ‘ராயபுர’ என்று தேடுங்கள். ‘இராயபுரம்’ என்று இலக்கணமாக எழுதுபவரின் வரியும் கூடவே வரும். எல்லா ஊருக்கும் இப்படி வாலை வெட்டிவிடாதீர்கள். மணலியை ‘மணல’ என்று வெட்டினால் மணல் லாரி எல்லாம் வந்து நிற்கும். வெட்டாமல் விட்டாலும் மணலி புதுநகர் சேர்ந்து வரும், அதைத் தனியாகக் கழிக்க வேண்டும். ஊர்ப் பெயர் சில டஜன்தான். ஒவ்வொன்றுக்கும் தேடுவடிவம் என்ன என்று கையாலேயே ஒரு அணி எழுதிவைப்பது எந்தப் புத்திசாலி நிரலையும் விட நன்றாக வேலை செய்யும். ஆங்கிலத்தில் திருவொற்றியூரை எழுத, ‘டி’க்குப் பிறகு ‘எச்’ உண்டா, நடுவில் ‘டி’ இரண்டா, ‘டிஆர்’ சேருமா என்று ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்களே, அத்தனையையும் அதே அணியில் போட்டுவிடலாம்.

பெரிய கோப்பு

ஒரு நாள் பட்டியலுக்கு ‘ஃபைல்’ போதும். ஒரு வருடத்துக் கேட் பதிவை மொத்தமாக அணியாக்கினால் கோப்பின் அளவை விட அதிக நினைவகம் பிடிக்கும், பி.எச்.பி.யின் இயல்பான வரம்பு 128 எம்.பி. அப்போது ‘எஃப்கெட்ஸ்’ கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்து, வேண்டியதை மட்டும் அணியில் வையுங்கள்.

‘இல்லை’ மூன்று வகை

கேட்பவருக்கு ஒரே “இல்லை”யைச் சொல்லாதீர்கள். சோதனை இலக்கம் பொருந்தாவிட்டால் “எண் தவறு” என்று சொல்லுங்கள், கேட்டவர் தன் காகிதத்தைத் திரும்பப் பார்ப்பார். எண் சரி, ஆனால் கோப்பையே திறக்க முடியவில்லை அல்லது கோப்பு காலி என்றால் “பட்டியல் வரவில்லை” என்று சொல்லுங்கள். ‘ஃபைல்’ செயற்கூறு திறக்க முடியாதபோது பொய் என்ற மதிப்பைத் தரும். அதைச் சரிபார்க்காத நிரல் எச்சரிக்கை வரியை மறைத்துவிட்டு, எல்லாப் பெட்டியும் இல்லை என்று சாதிக்கும். எண்ணும் சரி, பட்டியலும் இருக்கிறது, வரிதான் இல்லை என்றால் மட்டுமே “இல்லை”. அதிலும் எந்தத் துறைமுகப் பட்டியல், எத்தனை வரி படிக்கப்பட்டது, எத்தனை மணி வரைக்குமானது என்ற மூன்றும் கூடவே இருக்க வேண்டும். கப்பல் சென்னைக்குப் பதில் காட்டுப்பள்ளிக்குப் போயிருந்தால் கேட்டவருக்கு அதிலேயே வழி தெரிந்துவிடும்.

மணியை ‘ஃபைல்எம்டைம்’ தரும் என்று பலர் அதையே காட்டுகிறார்கள். அது கோப்பு நம் சர்வரில் ஏறிய நேரம். முனையம் பட்டியலை எடுத்த நேரம் கோப்பின் பெயரிலோ முதல் வரியிலோ இருந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள். வேறு வழியில்லாமல் சர்வர் நேரத்தையே காட்டுவதானால் நேர மண்டலத்தை ‘ஏசியா/கோல்கத்தா’ என்று முதலிலேயே அமைத்துவிடுங்கள். அமைக்காத பி.எச்.பி. உலகப் பொது நேரத்தைக் காட்டும். காலை 9 மணிப் பட்டியல் விடியற்காலை 3.30 மணிப் பட்டியலாகத் தெரியும், பழசு என்று நினைத்து யாராவது அதையே திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.